இரண்டு லட்சத்துக்குள்

வருமானச் சான்றிதழின்படி நான்
ஆண்டுக்கு எண்பத்து நான்காயிரம் சம்பாதிக்கிறவன்.
பச்சை மை கிடையாது இப்போது;
கறுப்புப் புள்ளிகள் மொய்க்கும் ஒரு சதுரம்தான்
தாசில்தார் கையெழுத்து.
இ-சேவை மையத்து வாசலில் ஒருவர் வாங்கித் தந்தார்.
மூவாயிரத்து ஐந்நூறு.
ஏழையாவதற்கு அவ்வளவுதான் செலவு.

நான் ஏழை இல்லை.
பணக்காரன் இல்லை என்று சத்தியம் செய்ய
மூன்று கடன்காரர்கள் வருவார்கள்.
வில்லிவாக்கத்தில் ஐந்நூற்றுப் பத்து சதுர அடி,
அதில் பூஜையறை என்று பேர் வைத்த ஓர் அலமாரி.
எல்கேஜிக்குத் தொண்ணூறாயிரம் என்றார்கள்.
சான்றிதழில் உள்ள என் வருமானத்தைவிட
ஆறாயிரம் அதிகம்.
புத்தகம் தனி. வேன் தனி.
சாக்ஸில்கூடப் பள்ளியின் சின்னம்.
பூர்ணிமா தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.
வளையல் ஏற்கெனவே வங்கியில்.

மாநகராட்சிப் பள்ளி நான்கு தெரு தள்ளி.
நான் படித்தது அங்கேதான்.
இன்று புதுப் பெயிண்ட், பெரிய திரை, காலைச் சாப்பாடு.
வண்டியில் கடக்கும்போது மகளுக்குக் காட்டுவேன்,
"அப்பா படிச்ச ஸ்கூல்",
கோபுரத்தைக் காட்டுவதுபோல.
கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம்.
குடிவைக்க முடியாது.

குலுக்கல் நாளுக்கு
சாயம் போன சட்டை ஒன்றைத் தேடியெடுத்தேன்.
ஷேவ் செய்யவில்லை. வாட்சைக் கழற்றினேன்.
வாட்ச் இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது,
முழுக்கையை இறக்கி அதையும் மூடினேன்.

ஷாமியானாவில் முன்வரிசையில் துளசிங்கம்.
எங்கள் தெருமுனைத் தள்ளுவண்டி, கரிப்பெட்டி.
கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை,
மடிப்பு கத்தியாய் நின்றது.
மடியில் பெண், இரட்டைச் சடை, கனகாம்பரம்.
நல்ல இடத்துக்குப் போகிறோமென்று
குடும்பமே நன்றாக உடுத்தி வந்திருந்தது.

திரும்பினார்.
முகத்துக்கு முன்னால் சட்டையைத்தான் பார்த்தார், தொழில்.
"இன்னா சார், முந்தாநேத்துகூட பன்னெண்டு துணி குட்த்தீங்க.
இது மட்டும் வுட்டுப்போச்சா?"

ஒரு பிளாஸ்டிக் வாளி. நாற்பத்திரண்டு சீட்டு.
இடம் ஒன்பது.
யாஷிகா, தன்விகா, லக்ஷிகா...
பேரை வைத்து யார் வீட்டுப் பிள்ளை என்று
இப்போதெல்லாம் சொல்ல முடிவதில்லை.
அதற்காகத்தான் எங்களுக்குப் பள்ளிக்கூடம் வேண்டியிருக்கிறது.

ஏழாவதாக வந்தாள் என் பெண்.
கைதட்டியவர்களில் துளசிங்கமும் உண்டு.
ஒன்பது முடிந்ததும்
மீதிச் சீட்டுகளையும் பிரித்துக் காட்டினார்கள்,
ஏமாற்று வேலை எதுவும் இல்லை என்பதற்கு.

ஜூனில் சீருடை வந்தது.
மூட்டையில் அதைச் சேர்த்துக் கட்டிய பூர்ணிமாவிடம்
வேண்டாம் என்றேன்.
ஏன் என்றாள்.
நானே தேய்த்தேன், இரண்டு வாரம், கோணலும் மாணலுமாக.
மூன்றாம் வாரம் டைரியில் மிஸ் எழுதியனுப்பினார்:
சீருடை நேர்த்தியாக இல்லை.

இப்போது ஞாயிறுதோறும் கொண்டுபோகிறேன்.
குட்டைப் பாவாடையின் பதினாறு மடிப்பையும்
ஒவ்வொன்றாய் விரலால் நீவி
தண்ணீர் தெளித்துப் பெட்டியை வைக்கிறார்.
வண்டிக்கு அடியிலிருந்து யாஷிகா எழுந்து வந்து
டையைத் தன் கழுத்தில் வைத்துப் பார்க்கிறாள்.
ஒன்றும் சொல்லாமல் வாங்கி
அதையும் தேய்த்து மடிக்கிறார்.

"கொயந்த துணிக்குக் காசு வாணாம் சார்."
"இல்ல, வச்சுக்குங்க."
"வாணாம் சார்."

கரி ஒருமுறை வெடிக்கிறது.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம்
எட்டு ரூபாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.